சுற்றுச்சுவருக்குள் புகை: மருத்துவமனை வளாகத் தடையின் கடைப்பிடிப்பை அளத்தல்

மைசூரு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஹுணசூரு, பிரியாபட்டணா, எச்.டி. கோட்டை வட்டங்களின் மண்ணில் விளையும் வர்ஜீனியாப் புகையிலை, பதப்படுத்தும் கூடங்களில் வெப்பக் காற்றால் உலர்த்தப்பட்டு, புகையிலை வாரியத்தின் ஏல மேடைகளுக்குச் சென்று அங்கிருந்து சிகரெட் ஆலைகளையும் அயல்நாட்டு வணிகர்களையும் சேர்கிறது. மைசூரு நகருக்குள்ளோ வேறொரு புகையிலைத் தொழில் வீட்டுத் திண்ணைகளில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அது பீடி சுற்றும் தொழில். அதில் பெரும்பாலோர் பெண்கள். அத்தொழிலாளர்களுக்கென நடுவண் அரசின் தொழிலாளர் நல அமைப்பு நடத்தும் மருத்துவமனையும் இந்நகரில் இருக்கிறது. நெல்லை மாவட்டத்து முக்கூடலில் இருப்பதும் இதே வகை மருத்துவமனைதான் என்பது தமிழ் வாசகருக்கு நினைவிருக்கும். கிருஷ்ணராஜசாகர் சாலையில், மைசூரு அரச குடும்பத்து இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரைத் தாங்கிய காசநோய் மருத்துவமனை, 1921 முதல் நுரையீரல் நோயாளிகளைப் பேணி வருகிறது. புகையிலையை விளைவிப்பவரும் சுற்றுபவரும் புகைப்பவரும் அதனால் நோயுற்றவரும் ஒரே நகரத்தின் மருத்துவமனை வாயில்களில் வந்து கூடுகிற காரணத்தால், மருத்துவமனை வளாகத்தில் புகைபிடிக்கலாகாது என்ற விதி உண்மையில் எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்ற வினாவை ஆராய்வதற்கு மைசூரு மிகப் பொருத்தமான களமாகிறது.

விதியின் வரலாற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது. அளவீட்டில் நேரும் குழப்பங்களுள் பாதி அங்கிருந்தே பிறக்கின்றன. முரளி தேவ்ரா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 2 அன்று பிறப்பித்த ஆணை, மருத்துவமனைகள், கல்வி நிறுவனங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், பொதுப் போக்குவரத்து ஊர்திகள் உள்ளிட்ட இடங்களில் புகைபிடித்தலைத் தடுத்தது. அதற்கு இரண்டாண்டுக்கு முன்பே, 1999இல், கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடித்தலைச் சட்டவிரோதமென அறிவித்திருந்தது. பிறகு வந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவாகக் ‘கோட்பா’ என்று குறிக்கப்படும் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், தன் 4ஆம் பிரிவில் பொது இடத்தில் புகைபிடித்தலைத் தடை செய்தது. ஆனால் ‘பொது இடம்’ எது என்று வரையறுக்கும்போது ‘மருத்துவமனைக் கட்டடங்கள்’ என்று கட்டடத்தைக் குறிப்பிட்டதோடு, திறந்தவெளி அதில் அடங்காது என்றும் சொல்லிவிட்டது. இந்தச் சிறு விலக்கின் விளைவு பெரிது. ஏக்கர் கணக்கில் பரந்து, மரநிழலும் வாகன நிறுத்தமும் சமையற்கூடமும் பிணவறையும் தனித்தனியே நிற்கும் பழைய அரசு மருத்துவமனை ஒன்றில், சட்டத்தின் எழுத்துப்படி தடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாயிற்காவலர் கேட்டால், தெளிவாக விடை சொல்ல முடியாத நிலை அது.

2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் இந்த இடைவெளியைப் பெரிதும் அடைத்தன. திறந்தவெளி அரங்கு, விளையாட்டரங்கு, தொடர்வண்டி நிலையம், பேருந்து நிறுத்தம் போலப் பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள் திறந்தவெளி என்ற விலக்கைக் கோர முடியாது என்று அவ்விதிகள் விளக்கின. மருத்துவமனை முற்றமும் அப்படிப் பொதுமக்கள் வந்துபோகும் இடம்தான் என்று கொள்வதே நேர்மையான பொருள்கோள். இருந்தாலும் முற்றம் என்ற சொல் விதியில் வெளிப்படையாக எழுதப்படவில்லை; ஆகவே, நிர்வாகம் தன் சுற்றுச்சுவருக்கு உட்பட்ட நிலம் முழுவதும் தடைக்கு உட்பட்டதென்று எழுத்துவடிவில் ஆணையிட்டிருக்கிறதா என்பது எந்த மதிப்பீட்டிலும் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். அத்தகைய ஆணை இல்லாத இடத்தில், வேப்பமரத்தடியில் பீடி பற்றவைக்கும் ஒருவரை விதியை மீறியவர் என்று பதிவுசெய்வது, எழுதப்படாத விதிக்கு மதிப்பெண் போடுவதாகும். இந்தியா 2004இல் ஏற்புறுதி அளித்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 8ஆம் பிரிவும் உள்ளிடங்களையே முதன்மையாகக் கருதி, பிற பொது இடங்களைப் ‘பொருத்தமானவாறு’ சேர்த்துக்கொள்ளும்படி நாடுகளிடம் விட்டுவைத்தது.

கடைப்பிடிப்பு என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. நிறுவனம் தன் கடமையைச் செய்ததா என்பது ஒன்று. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்ற குறைந்தபட்ச அளவில், வெள்ளைப் பின்னணியில், சிவப்பு வட்டத்துக்குள் புகையும் சிகரெட்டையோ பீடியையோ குறுக்கே வெட்டிய படத்துடன், இங்கே புகைபிடிப்பது குற்றம் என்ற வாசகம் ஒவ்வொரு நுழைவாயிலிலும் மாடியிலும் படிக்கட்டிலும் மின்தூக்கி வாயிலிலும் வைக்கப்பட்டிருக்கிறதா, புகார் சொல்லவேண்டியவரின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறதா, சாம்பல் கிண்ணம் போன்ற துணைப்பொருள்கள் அகற்றப்பட்டிருக்கின்றனவா என்பவை இதில் அடங்கும். வளாகத்துக்கு வருவோர் புகைபிடிக்காமல் இருக்கிறார்களா என்பது இரண்டாவது. நோயாளியின் மூச்சில் பிறர் விடும் புகை சேராமல் இருக்கிறதா என்பது மூன்றாவது. சட்டத்தின் நோக்கம் மூன்றாவதில் இருக்கிறது. ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் முதலாவதை எண்ணி, அதையே மூன்றாவதற்குச் சான்றாக நீட்டிவிடுகின்றன. பலகையை எண்ணுவது எளிது. அது ஓடிப்போகாது, மறுத்துப் பேசாது, பகலிலும் இரவிலும் அதே இடத்தில் இருக்கும். பலகை எண்ணிக்கை உயர்ந்திருக்கும் மருத்துவமனையின் பின்புறச் சந்தில் புகை குறைந்திருக்கும் என்று கொள்வதற்கு அந்த எண்ணிக்கை மட்டும் எந்த ஆதாரமும் தருவதில்லை.

புகையில்லாச் சட்டங்களின் கடைப்பிடிப்பை ஆராய்வதற்கென ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் உடன் அமைப்புகளும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி நூல், இந்திய நகரங்களில் நடந்த பல ஆய்வுகளுக்கு அடிப்படையாக அமைந்தது. பயிற்சி பெற்ற பார்வையாளர் முன்னறிவிப்பின்றிச் சென்று, யாரேனும் புகைபிடிக்கிறார்களா, பலகை உண்டா, சாம்பல் கிண்ணம் உண்டா, புகைத்தெறிந்த துண்டுகள் கிடக்கின்றனவா என்று குறித்துக்கொள்வது அதன் முறை. எளிய, செலவு குறைந்த முறை அது. உணவகம், அலுவலகம் போன்ற மூடிய இடங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. மருத்துவமனை வளாகத்துக்கு அதை அப்படியே எடுத்து வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தரையில் கிடக்கும் துண்டை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சிகரெட்டின் அடிப்பகுதியில் இருக்கும் வடிகட்டி பார்வைக்குப் பஞ்சு போலிருந்தாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற செயற்கை இழையால் ஆனது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பல மாதங்கள் அப்படியே கிடக்கும். பீடிக்கு வடிகட்டி இல்லை. புகைத்து முடித்தபின் மிஞ்சுவது கருகிய பீடி இலையின் விரற்கடை அளவான சுருளும் அதைக் கட்டிய நூலும் மட்டுமே. ஆனி ஆடி மழையில் ஒரு வாரம் கிடந்தால் அது மண்ணோடும் சருகோடும் கலந்துவிடும். ஆகவே துண்டுகளை எண்ணும் ஆய்வு, கையில் கொஞ்சம் காசு உள்ளவர் புகைத்ததை மிகுத்தும், கூலி வேலை செய்பவர் புகைத்ததைக் குறைத்தும் காட்டும். பீடி அடிக்கடி அணைந்துபோகும் இயல்புடையது என்பதால், அதைப் புகைப்பவர் ஒன்றுக்கு இரண்டு தீக்குச்சியேனும் கிழிக்க நேர்கிறது. எரிந்த தீக்குச்சிகளையும் தனியே எண்ணும் பார்வையாளருக்கு, துண்டுகள் மறைத்ததைக் குச்சிகள் ஓரளவு காட்டிக்கொடுக்கும். எண்ணுவதற்கு முந்திய நாள் மாலையில் அந்த இடத்தைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் எண்ணினால்தான் 24 மணி நேரத்துக் கணக்கு கிடைக்கும். கூட்டாமல் எண்ணினால் கிடைப்பது, தூய்மைப் பணியாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை அந்தப் பக்கம் வருகிறார் என்பதற்கான கணக்கே.

எந்த இடத்தில் எண்ணுவது என்பதும் அத்தனை முக்கியம். தலைமை வாயில், புறநோயாளிப் பிரிவு, வெளிவராந்தா ஆகிய இடங்களில் காவலர் இருப்பார், கூட்டம் இருக்கும். அங்கே புகைப்பவர் அரிது. மின்னாக்கி அறையின் பின்புறம், மாடிக்குப் போகும் இரும்பு ஏணி, பிணவறைக்கு அருகில் உறவினர் காத்திருக்கும் திண்ணை, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு அமரும் சுவரோரம், கழிவறைக் கட்டடத்தின் மறைவு ஆகியவைதாம் இத்தகைய ஆய்வில் முதலில் பார்க்கத்தக்க இடங்கள். அங்கே பணிசெய்யும் தூய்மைப் பணியாளரைக் கேட்டு இந்த இடங்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு, அவற்றையும் பொது இடங்களையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் குலுக்கல் முறையில் இடங்களைத் தெரிவுசெய்வது தக்க வழி. நேரமும் அப்படியே. கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்கு மண்டியா, சாமராஜநகர், குடகு மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களோடு வரும் உறவினர் ஊர் திரும்ப வழியின்றி இரவில் வளாகத்திலேயே தங்கிவிடுகிறார்கள். இரவு உணவுக்குப் பின்னும் விடியற்காலையிலும் நடப்பதைக் காலை 10 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையே வரும் பார்வையாளர் ஒருநாளும் காணமாட்டார்.

‘யாரும் புகைபிடிக்கக் காணப்படவில்லை’ என்ற வாக்கியம் அறிக்கைகளில் மிகுந்த நிம்மதியோடு எழுதப்படுகிறது. அந்த நிம்மதிக்கு எவ்வளவு இடமுண்டு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நிகழ்ச்சி எத்தனை முறை பார்த்தும் ஒருமுறையும் தென்படவில்லை என்றால், அது நிகழும் வீதம் உண்மையில் எவ்வளவு உயர்வாக இருக்கக்கூடும் என்பதை மதிப்பிடப் புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்றொரு எளிய வழி உண்டு. 3ஐப் பார்வைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், 95 விழுக்காட்டு நம்பகத்தோடு சொல்லத்தக்க மேல் வரம்பு கிடைக்கும். 30 முறை சென்று ஒருவரையும் காணாத ஆய்வாளர், 10 பார்வைக்கு ஒன்றில் யாரோ புகைத்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது. 300 முறை பார்த்தால்தான் அந்த வரம்பு 1 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. 10 மருத்துவமனைகளுக்குத் தலா மூன்று முறை சென்று, ‘நகரம் முழுவதும் கடைப்பிடிப்பு 100 விழுக்காடு’ என்று எழுதுவது எத்தகைய துணிவு என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

இரு பார்வையாளர்கள் ஒரே இடத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதும் எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கதே. 100 இடங்களைப் பார்த்த இருவரில், 90 இடங்களில் துண்டு இல்லை என்று இருவரும் குறித்து, 2 இடங்களில் உண்டு என்று இருவரும் குறித்து, 8 இடங்களில் ஒருவருக்கொருவர் மாறுபட்டதாகக் கொள்வோம். ஒற்றுமை 92 விழுக்காடு. கேட்கச் சிறப்பாக இருக்கிறது. ஆனால் துண்டு இருப்பதாக இருவரில் ஒருவரேனும் சொன்ன இடங்கள் 10. அவற்றுள் இருவரும் ஒத்துப்போனவை 2 மட்டுமே. தற்செயலாக நேரக்கூடிய ஒற்றுமையைக் கழித்துவிட்டு எஞ்சும் ஒற்றுமையைக் காட்டும் ‘காப்பா’ என்ற அளவைக் கணக்கிட்டால், மாறுபட்ட 8 இடங்கள் இருவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட நிலையில், அது 0.29 ஆக இறங்கிவிடுகிறது. முழு ஒற்றுமைக்கு அதன் மதிப்பு 1 என்பதை நினைத்தால், இந்த இரு பார்வையாளருக்கும் மறுபயிற்சி தராமல் ஆய்வைத் தொடர்வது தகாது என்று புரியும்.

கருவிகளை நாடினால் இந்த ஐயங்கள் தீருமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. 2.5 மைக்ரான் விட்டத்துக்கும் குறைவான நுண்துகள்களை அளக்கும் கருவி, மூடிய அறையில் புகைபிடித்தலை நன்கு காட்டும். திறந்த முற்றத்தில், வாகனப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் கலந்த காற்றில், பத்தடி தூரத்தில் புகைக்கப்படும் ஒரு பீடியைப் பிரித்தறிய அது உதவுவதில்லை. வார்டு சன்னலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரு கருவிகளை வைத்து, வெளிப்புகை உள்ளே கசிகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். உமிழ்நீரில் கோட்டினைன், அதாவது உடல் நிக்கோடினைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள், எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கும் சோதனை மேலைநாட்டு ஆய்வுகளில் பெரிதும் போற்றப்படுகிறது. கர்நாடகத்தில் அதற்கு ஒரு தடை உண்டு. 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தில் புகையிலை பயன்படுத்துவோர் 22.8 விழுக்காடு, புகைப்போர் 8.8 விழுக்காடாகவும், மெல்லுதல் முதலிய புகையற்ற வகையில் பயன்படுத்துவோர் 16.3 விழுக்காடாகவும் இருந்தனர். மெல்லுபவரின் உமிழ்நீரிலும் கோட்டினைன் உயர்ந்தே இருக்கும் என்பதால், அச்சோதனை இங்கே புகைத்தவரையும் மென்றவரையும் பிரித்துக் காட்டாது. மூச்சில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறு கருவி, கடந்த சில மணி நேரத்துக்குள் புகைத்தவரை மட்டும் காட்டும் என்பதால் அதுவே மேல்.

அந்தக் கணக்கெடுப்பின் எண்கள் இன்னொன்றையும் உணர்த்துகின்றன. புகையை மட்டும் தடுக்கும் விதியை மருத்துவமனை கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால், புகைப்பவருள் ஒருசாரார் புகையிலையை விட்டுவிடாமல் மெல்லும் பொட்டலத்துக்கு மாறிவிடக்கூடும். அப்போது துண்டுகளின் எண்ணிக்கை குறையும், படிக்கட்டு மூலைகளில் சிவந்த எச்சில் கறை கூடும். மதிப்பீட்டுப் படிவத்தில் துண்டுக்கு மட்டும் கட்டம் இருந்தால் வெற்றி என்றே முடிவு எழுதப்படும். கர்நாடக அரசு 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கொண்டுவந்து 2025 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தம், பொது இடத்தில் புகையிலையைத் துப்புதலையும் தடைக்குள் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. இனி வரும் படிவங்களில் கறைக்கும் ஒரு கட்டம் இருந்தாக வேண்டும்.

அதே திருத்தம் தண்டத்தொகையை 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. புகையிலை வாங்கும் வயதை 18இலிருந்து 21 ஆக்கியது. தண்டம் உயர்ந்தால் கடைப்பிடிப்பு உயரும் என்ற எதிர்பார்ப்பு சாலைகளிலும் உணவகங்களிலும் பலிக்கலாம். மருத்துவமனைக்குள் நிலைமை வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மூன்று நாளாகக் காத்திருக்கும் கூலித் தொழிலாளி ஒருவரிடம் 1,000 ரூபாய் கேட்கக் காவலருக்கு மனம் வராது. வரக்கூடாது என்றும் சொல்லலாம். தொகை உயர உயரப் பற்றுச்சீட்டு எழுதுவது குறையும் வாய்ப்பே மிகுதி. ஆகையால் எழுதப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கையைக் கடைப்பிடிப்பின் அளவுகோலாகக் கொள்வது இரு பக்கமும் தவறாகப் போகும்: சீட்டு கூடினால் மீறல் கூடியதா கண்காணிப்பு கூடியதா என்று தெரியாது, குறைந்தால் விதி வென்றதா காவலர் கைவிட்டாரா என்றும் தெரியாது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிர்வாகம், நேர்ந்த தனித்தனிக் குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஈடான தண்டத்துக்கு உட்படும் என்று 2008ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இது நல்ல விதிதான். ஆனால் மீறலைப் பதிவுசெய்யும் பொறுப்பும் மீறலுக்குப் பதில்சொல்லும் பொறுப்பும் ஒரே மேசையில் சேரும்போது, பதிவேடு வெறுமையாகவே இருப்பதில் யாருக்கும் வியப்பிருக்காது. அதனால்தான் மருத்துவமனை தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் முறையை ஏற்க இயலாது. மைசூருவில் மருத்துவக் கல்லூரிகளும் சமூக மருத்துவத் துறைகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. ஒரு கல்லூரியின் மாணவர் மற்றொன்றின் வளாகத்தை மதிப்பிடும் ஏற்பாடு செலவில்லாமல் கைகூடும்.

வாயிலுக்கு வெளியே உள்ள பெட்டிக்கடையை மதிப்பீட்டில் சேர்ப்பதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. சேர்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெச தூரத்துக்குள் புகையிலை விற்பதைத் தடுத்தது. மருத்துவமனைக்கு அத்தகைய வளையத்தை அது தரவில்லை. ஆனால் 1924இல் பெங்களூருவில் தொடங்கப்பெற்று 1930இல் மைசூருவுக்கு இடம்பெயர்ந்த மைசூரு மருத்துவக் கல்லூரி போன்றவற்றோடு இணைந்த மருத்துவமனை, மாணவர் பயிலும் இடமும் ஆகிறது. அவ்வளவில் அதன் சுற்றுச்சுவரிலிருந்து அந்தத் தூரத்தை அளந்துபார்க்க நிர்வாகத்துக்கு நியாயம் உண்டு. வாயிலுக்கு எதிரே உதிரியாக ஒரு சிகரெட் கிடைக்கும்வரை, உள்ளே எத்தனை பலகை வைத்தாலும் காவலருக்கு வேலை ஓயாது.

இவை அனைத்தையும்விடக் கூர்ந்து கவனிக்கவேண்டியவர், புகையிலைக்கு அடிமைப்பட்ட உள்நோயாளி. நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி புகைத்து வந்தவர் அனுமதிக்கப்பட்ட சில மணி நேரத்துக்குள் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் முதலிய விலகல் குறிகளுக்கு ஆளாகிறார்; அக்குறிகளை மருத்துவர் கேட்டறியாவிட்டால், கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயோடு அவர் பின்வாசலுக்கு நடந்துபோவது எதிர்பார்க்கத்தக்கதே. காசநோய் மருத்துவமனையில் இது இன்னும் கொடிது. புகைத்தல் காசநோய் வரும் வாய்ப்பையும் சிகிச்சை தோற்கும் வாய்ப்பையும் கூட்டுகிறது என்று நிறுவப்பட்டிருக்கும்போது, அங்கே மறைவிடத்தில் புகைக்கப்படும் பீடியை ஒழுங்கு மீறல் என்று மட்டும் குறிப்பது மருத்துவம் ஆகாது. நிக்கோடினைச் சிறு அளவில் தந்து விலகல் குறிகளைத் தணிக்கும் மாற்றுச் சிகிச்சை, 2009இல் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும், 2022இல் இந்திய நாட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றது. அனுமதிச் சீட்டில் புகையிலைப் பழக்கம் பற்றிய கேள்வி உண்டா, அதற்கு விடை எழுதப்பட்டிருக்கிறதா, பழக்கம் உள்ளவர் எனக் குறிக்கப்பட்டவருக்கு முதல் நாளிலேயே அறிவுரையோ நிக்கோடின் மெல்லுபசையோ தரப்பட்டதா, மருந்தகத்தில் அன்று அது இருப்பில் இருந்ததா என்ற நான்கையும், துண்டு எண்ணும் அதே படிவத்தில், அதே வாரத்தில், அதே வார்டுகளுக்குப் பதிவுசெய்வது அரிய செயலன்று. அப்படிச் செய்தால் பின்புறச் சந்தில் துண்டுகள் மிகுந்த வார்டு எது, மெல்லுபசை எழுதித்தராத வார்டு எது என்று அருகருகே வைத்துப் பார்க்க முடியும். தண்டச் சீட்டை எங்கே நீட்டுவது, மருந்துச் சீட்டை எங்கே நீட்டுவது என்று நிர்வாகம் தீர்மானிக்க அந்த ஒப்பீடு பயன்படும்.

2025ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வாளருக்கு ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. திருத்தத்துக்கு முந்திய காலத்தின் எண்கள் யாரிடமேனும் இருந்தால் அவற்றை வெளியிடுவதும், இல்லாதவர் இப்போதே தொடங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலமும் கோடையும் இரண்டிரண்டு முறை அடங்குமாறு, அதே இடங்களில் அதே படிவத்தால் எண்ணிவருவதும் செய்யத்தக்கவை. மழைக்காலத்தில் மக்கள் மரத்தடியை விட்டுக் கூரையடிக்கு வந்துவிடுவதால், ஆடி மாதத்துக் கணக்கைப் பங்குனிக் கணக்கோடு ஒப்பிடுவது பிழை. ஆடியை அடுத்த ஆண்டு ஆடியோடுதான் ஒப்பிடவேண்டும்.